அவர் கொடுக்காத வாக்கு

அவர் 'பார்ப்போம்' என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அரசியலில் கிடந்த மனிதர். முடியும் என்றால் முடியும் என்பார். அது அபூர்வம். முடியாது என்றால் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து, "இல்லை, மதாம். என்னால் முடியாது" என்பார். பிறகு ஏன் முடியாது என்பதைப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொன்றாக விளக்குவார்.

அவருடைய முழுப் பெயரைச் சொல்ல ஒரு மூச்சுப் போதாது. இரண்டு ஊர்ப் பெயர்களும் ஒரு பரம்பரைப் பட்டமும் அதற்குள் இருந்தன. பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எங்கட சனம் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. 'இல்லை ஐயா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "இல்லை ஐயா இண்டைக்கு வந்திருக்கிறாரோ?" என்று கேட்டுக்கொண்டுதான் அவருடைய அலுவலகத்துக்குள் வருவார்கள்.

அலுவலகம் என்றால், முன்பு சப்பாத்துக்கடையாக இருந்த ஓர் அறை. ஒரு பக்கம் சேலைக்கடை, மறுபக்கம் சலூன். தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அவர் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அங்கே இருந்து சனத்தைச் சந்திப்பார். மெட்ரோவில்தான் வருவார். முழங்கையில் தோல் வைத்துத் தைத்த கம்பளிச் சட்டை, தகப்பனுடைய பழைய மேலங்கி. மேற்கே எங்கேயோ அவர்களுக்கு ஒரு கோட்டை இருந்தது. அதில் இரண்டு அறையைத் தவிர மற்றதெல்லாம் ஒழுகுவதால் பூட்டிவைத்திருப்பதாக அவரே சொன்னார். தகப்பன் பாராளுமன்றத்தில் இருந்தவர், பாட்டன் அந்த ஊர் மேயர். புரட்சிக் காலத்தில் தலை போன முன்னோர் ஒருவரும் உண்டு. "அவர் ராஜாவுக்கும் வாக்குக் கொடுத்தார், மக்களுக்கும் வாக்குக் கொடுத்தார். தலை ஒன்றுதான் இருந்தது" என்று ஒருநாள் சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார்.

நான் முதலில் அவரிடம் போனது என் மனைவியின் விசாவுக்கு ஒரு கடிதம் கேட்டு. கோப்பை முழுக்க வாசித்தார். அரை மணித்தியாலம் எடுத்தது.

"இல்லை. என் கடிதத்தை அவர்கள் குப்பையில் போடுவார்கள்" என்றார். "உங்கள் கோப்பில் ஒரு தாள் குறைகிறது. வீட்டின் பரப்பளவுச் சான்று. அதைக் கொடுங்கள். என்னிடம் வரவேண்டியதில்லை."

எனக்குக் கோபம் வந்தது. எத்தனையோ பேர் கடிதம் தருகிறார்கள், இந்த மனிதருக்கு ஒரு கையெழுத்துப் போட என்ன கேடு என்று நினைத்தேன். கதவடியில் ஒரு வயோதிபர் பிரெஞ்சு தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். போகிற போக்கில் அவருக்கு இரண்டு வசனம் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அப்படியே அன்று பின்னேரம் முழுக்க நின்றுவிட்டேன். தாளைக் கொடுத்தேன், மனைவி வந்துசேர்ந்தாள். அதன் பிறகு பதினொரு வருடம் வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு மொழிபெயர்த்தேன். மற்ற நாட்களில் ஒபர்வில்லியேயில் ஒரு துணிக் களஞ்சியத்தில் பெட்டி இறக்குகிற வேலை.

மொழிபெயர்க்கிற வேலையில் ஒரு சங்கடம் இருந்தது. பிரெஞ்சில் 'இல்லை' என்றவர் அவர். தமிழில் 'இல்லை' என்றவன் நான். சனம் என் வாயிலிருந்துதான் கேட்டார்கள். ஓல்னேயில் இருந்து ஒரு பெண் வந்தா. புருசனைக் கூப்பிடுகிற மனு மூன்றாம் முறையும் நிராகரிக்கப்பட்டிருந்தது.

"ஒரு கடிதமாவது தரச் சொல்லுங்கோ அண்ணை. சும்மா ஒரு கடிதம்" என்றா.

"கடிதம் தந்தால் இன்னும் ஒரு வருடம் அதை நம்பிக் காத்திருப்பீர்கள். வேறு ஒன்றும் நடக்காது" என்றார் அவர்.

நான் சொன்னேன். அந்தப் பெண் அவரைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தா. "நீங்களெல்லாம் கல்லு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனா. முதல் இரண்டு வருடம் அப்படியானவை வீடுவரைக்கும் வந்தன. பிறகு பழகிவிட்டது. கடிதம் கொண்டுவருகிறவன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யோசிப்பதில்லை. நானும் அப்படி ஆனேன்.

ஒரு வருடம் தேர்த் திருவிழாவில் அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தேர்தல் கிட்டிய நேரம். மற்ற வேட்பாளர்கள் இருவரும் மாலையைப் போட்டுக்கொண்டு, கோயிலுக்குக் காணி எடுத்துத் தருவதாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தார்கள். இவர் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று மாலையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"உங்கள் தேர் மிக அழகாக இருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்தில் கோயில் கட்ட வெறும் காணி இல்லை. பத்து வருடத்துக்கும் இருக்காது. நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்."

நான் அப்படியே தமிழில் சொன்னேன். பிறகு முன்வரிசையில் ஒருவர், "எட, இந்தாள் ஒராள்தான் உண்மை கதைக்குது" என்று சத்தமாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தேர்தலில் வென்றார், மிகச் சொற்ப வாக்குகளால்.

எட்டு மாதம் துணை அமைச்சராகவும் இருந்தார். தொலைக்காட்சியில் ஒரு பெண் அவரிடம், புதிய சட்டத்தால் இளைஞர்களுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டதைக் கொத்துரொட்டிக் கடையில் இருந்து பார்த்தேன். "இந்த வருடம் இல்லை. அடுத்த வருடமும் சந்தேகம்" என்றார். கடைக்காரர் கரண்டியை வைத்துவிட்டு, "போச்சு, இவற்றை கதை முடிஞ்சுது" என்றார். அப்படியே ஆனது. அடுத்த மாற்றத்தில் பதவி போய்விட்டது. கவலையா என்று கேட்டேன்.

"ஆம். காருக்காக. மழைநாட்களில் அது வசதியாக இருந்தது" என்றார்.

என் தம்பி யுத்தத்தின் கடைசி நாட்களில் வன்னியில் காணாமல் போனவன். அவனைச் சரணடைந்தவர்களின் வரிசையில் கண்டதாக ஒருவர் சொன்னார். வேறொருவர் ஒரு முகாமில் கண்டதாகச் சொன்னார். அம்மா அந்த இரண்டு கதைகளோடுதான் நான் குடியிருக்கிற பொண்டி என்ற புறநகருக்கு வந்தா. அவவுக்கு அவன் 'சின்னவன்'. அவனைப் பற்றி எவரும் 'இருந்தான்' என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுவா.

நான் அவரிடம் உதவி கேட்கவில்லை. எனக்கு அவரைத் தெரியும். அம்மாதான் ஒரு வெள்ளிக்கிழமை தானாக ரயிலேறி வந்து, வரிசையில் இருந்து, தன் முறை வந்ததும் எனக்கு முன்னால் உட்கார்ந்தா. வேறு வழியில்லாமல் என் தாயை நானே அவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் என் தம்பியின் பெயரையும் காணாமல் போன இடத்தையும் குறித்துக்கொண்டார்.

"விசாரிக்கிறேன். என்ன கிடைத்தாலும் அதைச் சொல்வேன்" என்றார்.

ஐந்து மாதம் விசாரித்தார். அரசியலுக்கு வருமுன் வெளிநாட்டு அமைச்சில் வேலை செய்தவர். பழைய சிநேகிதர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். கடைசியில் லோசானில் வசிக்கிற ஒரு தமிழரைக் கண்டுபிடித்தார். அந்த மனிதர் கடைசிவரை என் தம்பியோடு ஒரே பதுங்குகுழியில் இருந்தவர். அவருக்குப் பிரெஞ்சு தெரியும். இவர் ரயிலில் அங்கே போய் நேரில் பேசிவிட்டு வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை சனம் வருமுன் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்.

"உங்கள் தம்பி இறந்துவிட்டார். செல் குண்டு விழுந்து. எல்லாம் முடிவதற்கு இரண்டு நாள் முன்பு. அந்த மனிதர்தான் துணியால் மூடி மண் போட்டிருக்கிறார். இரண்டு தடவை கேட்டேன். சந்தேகம் இல்லை." நாளையும் சொன்னார். பிறகு, "அம்மாவுக்கு நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லவா?" என்று கேட்டார்.

"நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவா" என்றேன்.

கதவைத் திறந்தேன். அன்று பதினான்கு பேர் வந்தார்கள். பதினான்கு பேருக்கும் மொழிபெயர்த்தேன். அடுத்த நாள் களஞ்சியத்தில் மேலதிக வேலை இருந்தது, அதற்கும் போனேன். அழுகை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பெட்டிகளின் எடை மட்டும் தெரிந்தது.

ஞாயிறு மத்தியானம் அவர் பொண்டிக்கு வந்தார். அம்மா வடை சுட்டு, தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தா. அவர் சோபாவின் நுனியில் இருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் உங்கள் அம்மா விரும்பினால் குடிக்கிறேன்" என்றார் என்னிடம்.

அம்மாவைப் பார்த்து மெதுவாகப் பேசினார்.

"மதாம், உங்கள் மகன் இறந்துவிட்டார்."

அவர் நிறுத்தினார். அம்மா என் வாயைப் பார்த்தா. எத்தனையோ பேர் அப்படிப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் சொன்னவன்தான் நான்.

"அம்மா, ஐயா கனபேரிட்டை விசாரிச்சவராம்" என்றேன்.

நான் யோசித்துச் செய்யவில்லை. வாய் அப்படிச் சொன்னது. அவர் தொடர்ந்தார்.

"அவரோடு கூட இருந்தவரைச் சந்தித்தேன். அவர்தான் உங்கள் மகனை அடக்கம் செய்தவர். அதிக நேரம் வேதனைப்படவில்லை என்றார்."

"சின்னவனோடை நிண்ட ஒராளைக் கண்டுபிடிச்சிருக்கிறாராம். வருத்தமொண்டும் இல்லாமல் நிண்டவனாம். இன்னும் தேடுவாராம்."

அம்மா எழும்பிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினா. கண்ணீர் வடிந்தது. அவர் அதைத் துக்கம் என்று நினைத்தார். அவருடைய கண்ணும் கலங்கிப்போய் இருந்தது; அதற்கு முன் நான் அப்படிக் கண்டதில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். அம்மா வடையைக் கடதாசியில் சுற்றி அவருடைய மேலங்கிப் பைக்குள் வைத்துவிட்டா.

மூன்று கிழமை கழித்து அம்மா மறுபடி அலுவலகத்துக்கு வந்தா. கையில் ஒரு படம். தம்பி பள்ளிக்கூடத்தில் எடுத்தது. பின்பக்கம் அடையாளங்களை எழுதி வைத்திருந்தா: உயரம், இடது காதின் கீழ் தழும்பு, நடக்கும்போது வலது தோள் தாழ்ந்திருக்கும்.

"தேட உதவுமெண்டு குடு மோனை" என்றா.

அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். பின்பக்கத்தைத் திருப்பினார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"அன்று நான் சொன்னதை உங்கள் மொழியில் என்னவென்று சொன்னீர்கள்?"

சொன்னேன். மறைக்கவில்லை. அம்மா எங்கள் இருவரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தா. சலூனில் மயிர் வெட்டுகிற இயந்திரச் சத்தம் சுவருக்கு மறுபுறம் கேட்டது.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் படத்தைத் தன் குறிப்பேட்டுக்குள் வைத்தார்.

"நான் என் வாழ்க்கையில் இப்படியொரு வாக்குக் கொடுத்ததில்லை. நீங்கள் என் பெயரில் கொடுத்துவிட்டீர்கள்" என்றார். "சரி. தேடுகிறேன். அவரை அல்ல, அவரைப் புதைத்த இடத்தை. அதைத் தேட முடியும். மற்றதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். சொல்வீர்களா?"

"பார்ப்போம்" என்றேன்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் கண்ணை மூடித் திறந்தார். அவ்வளவுதான்.

அம்மா கேட்டா, "தேடுறாராமோ?"

"ஓம் அம்மா. தேடுறாராம்."

அது இப்போது பொய்யில்லை.

அன்றிலிருந்து அவர் எழுதத் தொடங்கினார். அமைச்சுக்கு, நிவாரண அமைப்புகளுக்கு, அந்தப் பகுதியில் இருந்த பாதிரிமாருக்கு. லோசான் மனிதரை வைத்து ஒரு வரைபடம் கீறுவித்தார்: வீதி, ஒரு பனங்கூடல், உடைந்த பாலம். பாராளுமன்ற முத்திரை போட்ட தாளில் எழுதியபோது நீளமான பதில்கள் வந்தன. எல்லாவற்றிலும் வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அந்த இடத்தில் மண் புரட்டிப் புது வீதி போட்டாயிற்று என்று ஒரு பாதிரியார் மட்டும் எழுதினார். அதற்கும் ஒரு கடிதம் எழுதி, வீதியின் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

பிறகு அவர் தோற்றார். தொகுதியில் ஓர் உயரமான கட்டடம். அதன் லிப்ட் இரண்டு வருடமாக ஓடவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் அதைப் பற்றிக் கேட்டா. "இந்த வருடம் திருத்தமாட்டார்கள். பத்திரங்களைப் பார்த்தேன்" என்றார். எதிராளி மூன்று மாதத்தில் திருத்தித் தருவதாகச் சொன்னார். தேர்தலன்று பின்னேரம் முடிவு வந்ததும் எதிராளிக்குக் கைகொடுத்துவிட்டு, எங்கள் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துவிட்டு, மெட்ரோப் படியேறிப் போனார். சப்பாத்துக்கடை பிறகு கைத்தொலைபேசிக் கடையானது.

அதன் பிறகு வெறும் தாளில் எழுதினார். பதில்கள் சுருங்கி, பிறகு நின்றன. அவர் நிற்கவில்லை. மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு அழைப்பு வரும். "எழுதினேன். பதில் இல்லை." முதல் வருடம் ஒவ்வொரு தடவையும், "சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்பேன். இரண்டாம் வருடம் கேட்பதை நிறுத்திவிட்டார். எனக்கு ஆறுதலாகக்கூட இருக்கவில்லை. அழைப்பு வரும், கேட்பேன், வைப்பேன், போய்ப் பெட்டி இறக்குவேன். அம்மா ஒவ்வொரு வெள்ளியும் சாமிப்படத்துக்கு முன்னால் அவருடைய சுகத்துக்கும் சேர்த்துக் கும்பிட்டா.

இந்த வருடம் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. மூன்றாம் நாள் பத்திரிகையில் சின்னப் படத்தோடு போட்டிருந்தார்கள்.

அம்மா செத்தவீட்டுக்கு வரவேணும் என்று நின்றா. தேவாலயத்தில் பழைய அமைச்சர்கள், பட்டம் வைத்த உறவினர்கள். நாங்கள் கடைசி வாங்கில் இருந்தோம். பூசை முடிந்ததும் எல்லோரும் வரிசையாகப் போய் அவருடைய மனைவிக்குக் கைகொடுத்தார்கள். மெலிந்த, உயரமான மனுசி. எங்கள் முறை வந்தபோது, "லா சப்பலில் இருந்து வந்தவர்கள்தானே? எனக்குத் தெரியும்" என்று சொல்லி, அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா என்னைப் பார்த்தா.

"கேள் மோனை. இனிச் சின்னவனை ஆர் தேடுறதெண்டு கேள்."

எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். வேறு ஏதாவது கேட்டிருக்கலாம். ஆனால் நான் அதையே கேட்டேன்.

அந்த மனுசி தன் புருசனைப் போலவே நேராகப் பார்த்துச் சொன்னார்.

"இனி ஒருவரும் இல்லை, மதாம். உங்கள் மகனைப் புதைத்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதே என்று அவருக்குக் கடைசிவரை மனவருத்தம். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

அம்மா என் வாயைப் பார்த்தா.

"இனி ஒருத்தரும் இல்லையாம் அம்மா" என்றேன். "சின்னவனைத் தாட்ட இடத்தைக் கண்டுபிடிக்க ஏலாமப் போச்செண்டு ஐயாவுக்குக் கடைசிவரைக்கும் கவலையாம். அதுக்காக மன்னிப்புக் கேக்கிறா."

ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அம்மா கையை எடுக்கவில்லை. பிறகு, "பாவம், அவரைப் போட்டு அலைச்சுப்போட்டம்" என்றா. அதையும் மொழிபெயர்த்தேன். அந்த மனுசி தலையை அசைத்தார். பின்னால் நின்றவர்கள் நகர, நாங்களும் நகர்ந்தோம்.

பொண்டி ரயிலில் இடம் கிடைத்தது. எதிரெதிராக இருந்தோம். இரண்டு தரிப்பிடம் போனபிறகு அம்மா கேட்டா.

"அண்டைக்கு எங்கட வீட்டை வந்து இதைத்தான் சொன்னவரோ?"

"ஓம்."

"நாள் சொன்னவரோ?"

"சொன்னவர்."

"என்ன திதி எண்டு பார்."

கைத்தொலைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்து, அந்த வருடத்துக்குப் போய், அந்த நாளைத் தேடினேன். இணையம் மெதுவாக இருந்தது. அம்மா பொறுத்திருந்தா.

"வைகாசித் தேய்பிறை, சத்தமி" என்றேன்.

அம்மா ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணத் தொடங்கினா. ஒரு கை முடிந்தது. மற்றக் கையும் முடிந்தது. திரும்ப முதல் கையில் நாலு விரலை மடக்கிவிட்டு நிறுத்தினா.

"பதினாலு திவசம் விட்டிட்டம்" என்றா.

பொண்டி வந்தது. இறங்கினோம்.